அம்மா அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கவலைப்படும்படி ஏதாவது வந்தால்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். அப்பாவுக்கு நுரையீரல், சில வருஷம் கழித்து மாமியாருக்கு மார்பகம் என்று இரண்டு பேரின் ரிப்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிகளுக்கும் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கும் அலைந்தவள். அதிலிருந்து தெருவிலும் சொந்தத்திலும் யார் வீட்டில் ஸ்கேன் என்றாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவைதான் கீழே இருப்பவை. என்ன வைத்தியம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்கிற வரைக்கும், சொன்ன பிறகும், வீட்டில் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டரை நாளை மறுநாள்தான் பார்க்க முடியும். அதுவரை என்ன செய்வது?

முதலில் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்குகிறதா, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறதா, வலிப்பு வந்ததா, ரத்தமாக வாந்தி எடுக்கிறாரா, பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நாளை மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, 108க்குப் போன் போட்டு அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் நேற்று இருந்த மாதிரியே சாப்பிட்டுக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்கிறார் என்றால், பெரும்பாலும் இந்த இரண்டு நாளில் நிலைமை தலைகீழாக மாறிவிடாது. ஆனாலும் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரஷன்' என்று போட்டிருப்பதை அப்படியே வாசித்துக் காட்டி, முன்னாடியே வர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே வருவது உலகத்தில் இருக்கிற எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான பதில். உங்கள் அப்பாவின் வயது, சர்க்கரை, முன்னாடி அவருக்கு வந்துபோன காசநோய், எதுவும் அதற்குத் தெரியாது.

ரிப்போர்ட்டில் இருக்கிற வார்த்தைகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

'லீஷன்' என்றால் சுற்றியிருக்கிற இடத்திலிருந்து வேறுபட்டுத் தெரிகிற ஒரு பகுதி, அவ்வளவுதான். தழும்பும் லீஷன்தான், நீர்க்கட்டியும் லீஷன்தான், புற்றுநோயும் லீஷன்தான். 'நாட்யூல்' என்றால் சின்ன உருண்டை. 'சிஸ்ட்' என்றால் நீர் கோத்த கட்டி. 'கால்சிஃபிகேஷன்' என்றால் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. பழைய காசநோய் ஆறிய இடத்தில் இப்படி இருப்பது நம் ஊரில் சகஜம். 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று எழுதியிருந்தால், நான் படத்தைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்த்த டாக்டர் சேர்த்து வைத்து முடிவு செய்யட்டும் என்று ஸ்கேன் டாக்டர் சொல்கிறார் என்று அர்த்தம்.

வயதானவர்களுக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் 'ஏஜ் ரிலேட்டட் அட்ரோஃபி', 'ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்' என்று வரும். வயதானதால் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, சின்ன ரத்தக்குழாய்களில் ஓட்டம் குறைந்த அடையாளம் தெரிகிறது என்று அர்த்தம். மூளை சுருங்கிவிட்டதாமே என்று அழுதுகொண்டே வருவார்கள். எழுபது வயதுக்காரரின் படத்தில் இது அடிக்கடி வருகிற வரிதான், பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கச் சொல்வார்கள். மார்பக ஸ்கேனில் 'பைராட்ஸ்' என்று ஒரு நம்பர் போடுவார்கள். அது 0 என்றால் இன்னும் படம் தேவைப்படுகிறது என்று பொருள். 3 என்றால் அநேகமாகச் சாதாரணக் கட்டி, புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்பது. 4, 5 என்றால் சதை டெஸ்ட் அவசியம், அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி. எங்கள் மாமியாருக்கு 4 என்று வந்தது. நூற்றுக்கு நான்குதான் என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார், பிறகு ஒருநாள் அதை விளக்கிச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கட்டி என்று வந்தாலே கேன்சர்தானா?

இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய், தேடாமலே கண்ணில் படுகிற சங்கதிகள் நிறைய. ஐம்பது வயதுக்கு மேல் சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி ரொம்பச் சகஜம். ஈரலில் 'ஹீமாஞ்சியோமா' என்ற ரத்தநாளக் கட்டி பலருக்குப் பிறவியிலிருந்தே இருக்கும், சும்மா கிடக்கும். பெண்களுக்குத் தைராய்டில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. புகை பிடிக்காத, முன்னாடி புற்றுநோய் வராத ஒருவருக்கு நுரையீரலில் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரே ஒரு புள்ளி என்றால் பல நேரம் மறு ஸ்கேன்கூட வேண்டாம் என்பார்கள்.

இன்னொன்று, நம் நாட்டில் காசநோயை மறந்துவிட்டு எந்த ஸ்கேனையும் படிக்கக் கூடாது. நுரையீரலில், நெறிக்கட்டில், முதுகெலும்பில் காசநோய் வந்தால் படத்தில் அசல் புற்றுநோய் மாதிரியே தெரியும். உடம்பு முழுக்கப் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுகிற பெட் (PET) ஸ்கேனில்கூட இரண்டும் பளிச்சென்றுதான் எரியும். அப்பாவுக்குப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் மனதுக்குள் ஒன்றை முடிவு கட்டியிருந்தோம், சதை டெஸ்டில் காசநோய் என்று வந்தது. அரசு மருந்துதான், மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டார், குணமாகிவிட்டது. எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல மாட்டேன். மாமியாருக்குக் கேன்சர்தான். படம் மட்டும் வந்திருக்கிறபோது நமக்குப் பாதிதான் தெரியும், அதற்காகத்தான் இரண்டையும் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் அம்மாக்கள் வருஷக்கணக்கில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியிருப்பார்கள். அந்தப் புகையிலைத் தூசியைப் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். அப்பா கல்குவாரியில் வேலை பார்த்தவர் என்றால் அதையும்.

ஒரு ஸ்கேன் எடுத்தாச்சு, மருந்து போட்டு இன்னொன்று எடுக்கச் சொல்கிறார்கள். காசுக்காகவா?

சில இடங்களில் தேவையில்லாமல் எழுதுகிறவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் சாதாரண ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தால், அதற்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை மருந்து ஏற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதும் நிஜம். "இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா நீங்க வைத்தியத்தை மாத்துவீங்க?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார். சிடி ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் என்ற ரத்த டெஸ்ட் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும், முன்னாடி ஊசி மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். எம்.ஆர்.ஐ. என்றால் நெஞ்சில் பேஸ்மேக்கரோ காலில் பிளேட்டோ வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும்.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள்.

இந்தப் பேச்சு எத்தனை பேரின் நல்ல நேரத்தைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஊசி போகிற பாதையில் பரவுவது மிக மிக அரிது. அப்படி ஆபத்து உள்ள ஒன்றிரண்டு உறுப்புகளில் டாக்டர்களே ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக ஆபரேஷனுக்குப் போவார்கள். "கத்தி பட்டதும் பரவிருச்சு" என்று ஊரில் சொல்கிற கதைகளில் முக்கால்வாசி, ஆபரேஷனுக்கு வரும்போதே முற்றிப்போயிருந்தவர்களின் கதை. சதை டெஸ்ட் இல்லாமல் எந்தப் புற்றுநோய், எந்த மருந்து என்று முடிவு செய்ய முடிவது அபூர்வம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ரிசல்ட் வர ஒரு வாரம் வரை ஆகலாம், கூடுதல் டெஸ்ட் போட்டால் இன்னும் சில நாள். இருப்பதிலேயே கஷ்டமான வாரம் அதுதான்.

அம்மாவிடம் சொல்லலாமா? தாங்க மாட்டார்கள் என்று அண்ணன் சொல்கிறான்.

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், என் பதில் சொல்லுங்கள் என்பதுதான்.

நம் பக்கம் வழக்கம் என்ன? டாக்டர் ரூமுக்கு வெளியே அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மகன்களும் மருமகன்களும் உள்ளே போய்ப் பேசுவார்கள். வெளியே வந்து "ஒண்ணுமில்லம்மா, சாதாரண வாயுக் கட்டிதான்" என்பார்கள். பிறகு ரிப்போர்ட் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்விடும். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருதரம் கோயில் கொடைக்கு மட்டும் வருகிற பெரிய மகள் கோயம்புத்தூரிலிருந்து செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். பேசாமல் இருந்த மைனி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். அடுக்களைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் இதையெல்லாம் அம்மா படித்துவிடுவார். எங்கள் மாமியார் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, அந்தத் தாள்ல என்னதான் போட்டிருக்கு? நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் சொன்னோம். அழுதார். அப்புறம் தன் நகையை யார் யாருக்கு என்று சொன்னார், ஆபரேஷனை நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். டாக்டரும் முடியும் என்றார், தேர் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

மறைத்தால் என்ன ஆகிறது என்றால், அவர்கள் தனியாகப் பயப்படுகிறார்கள். கீமோ என்று தெரியாமல் கீமோவுக்குப் போய், முடி கொட்டும்போது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். உடம்பு அவர்களுடையது, சதை டெஸ்டுக்கும் ஆபரேஷனுக்கும் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லவில்லை. முதலில், "ஸ்கேன்ல என்ன வந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியணுமாம்மா, இல்ல நாங்க பார்த்துக்கிட்டா போதுமா?" என்று கேளுங்கள். சிலர் உண்மையிலேயே, "நீங்களே பார்த்துக்கிடுங்க, எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்" என்பார்கள். அப்படிச் சொன்னால் அதை மதியுங்கள், அது அவர்களாக எடுத்த முடிவு. தெரிய வேண்டும் என்றால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நுரையீரல்ல ஒரு கட்டி தெரியுது, என்னன்னு இன்னும் தெரியல, சதை எடுத்துப் பார்த்தா தெரியும்." இதில் ஒரு பொய்யும் இல்லை. வராத ரிசல்ட்டுக்கு ஆறுதலும் சொல்ல வேண்டாம், முடிவும் கட்ட வேண்டாம். மறதி நோய் முற்றியவர்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி நோகடிப்பதில் அர்த்தமில்லை.

அப்பா ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேன் என்கிறார். "எனக்கு ஒண்ணுமில்ல, போங்கல" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

பயம்தான், வேறொன்றுமில்லை. பலபேருக்குச் சாவைவிடப் பிள்ளைகளைக் கடனில் தள்ளிவிடுவோம் என்கிற பயம் பெரிது. அதனால் நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காசு எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லுங்கள், காப்பீட்டு அட்டையைக் கையில் கொடுங்கள். பிள்ளைகள் சொல்வதைவிடக் கூடப் படித்த சிநேகிதரோ மச்சானோ சொன்னால் கேட்பார். "வைத்தியம் பார்க்க வேண்டாம்பா, என்னன்னு மட்டும் தெரிஞ்சுக்கிடுவோம்" என்று ஒரு படி மட்டும் கேளுங்கள். மிரட்டாதீர்கள், பேரப்பிள்ளையை வைத்து அழவைக்காதீர்கள்.

துபாயில் இருக்கிற தம்பி தினமும் போன் போட்டு வேறு வேறு ஆஸ்பத்திரி பெயர் சொல்கிறான். பக்கத்தில் இருக்கிற நான்தான் அலைகிறேன்.

நெல்லைப் பக்கம் பாதி வீட்டில் இதே கதைதான். தூரத்தில் இருக்கிறவனுக்குக் குற்ற உணர்ச்சி, அது யோசனையாக வெளியே வருகிறது. அவனுக்கு ஒரு நிஜமான வேலையைக் கொடுத்துவிடுங்கள்: செலவுக் கணக்கு, டிக்கெட், டாக்டரைப் பார்க்கும்போது போனில் சேர்ந்து கேட்டு எழுதிக்கொள்வது. டாக்டரிடம் பேசுகிறவர் ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போடும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சித்தப்பா வழியாக ஊருக்கே தெரிந்து, கடைசியில் அம்மாவுக்குக் காய்கறிக்காரி மூலம் தெரியவந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் என்னென்ன கேட்பது? உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடுகிறது.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது என்னவாக இருக்கலாம், எதை நினைத்து அதிகம் கவலைப்படுகிறீர்கள், உறுதி செய்ய அடுத்து என்ன டெஸ்ட், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும், ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எந்த அறிகுறி வந்தால் ராத்திரியே ஓடி வர வேண்டும். இதற்குப் பதில் கிடைத்தால் போதும். ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், படத்தையும், ஸ்கேன் பதிந்து தருகிற சிடி தட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். அப்பா பத்து வருஷத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரே பரணில் கிடந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. அந்தப் புள்ளி அப்போதே இருந்தது, வளரவில்லை என்று தெரிந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கே காட்டுவது? ஹைகிரவுண்டிலேயே பார்க்கலாமா, வெளியூர் போகணுமா?

என்ன நோய் என்று உறுதி செய்கிற வேலைக்குப் பெரும்பாலும் வெளியூர் தேவையில்லை. 1965இல் தொடங்கிய நம் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன், சதை டெஸ்ட் எல்லாம் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் பல துறை டாக்டர்கள் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. சிக்கலான கேஸ் என்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், இல்லையென்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மையம். தென்காசி, வள்ளியூர் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் கிட்டம்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதை முதல் டாக்டரிடமே சொல்லலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். சதை டெஸ்ட் எடுத்த இடத்தில் எடுத்த சதை இருக்கிற ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கினால் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது. ஒன்று மட்டும் சொல்வேன்: ஒருமுறை கருத்துக் கேளுங்கள், இரண்டு பேர் சொல்வது மாறினால் மூன்றாவதாகவும் கேளுங்கள். அதற்கு மேல் ஊர் ஊராக அலைந்தால் வைத்தியம் தொடங்குகிற நாள்தான் தள்ளிப்போகும்.

செலவுக்கு என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் தென்காசி கலெக்டர் ஆபீஸ். சந்தேகம் என்றால் 1800 425 3993க்கு இலவசமாகப் போன் செய்யலாம். ரிப்போர்ட் வந்த வாரமே அட்டையை எடுத்துவிடுங்கள், அட்மிஷன் அன்றைக்கு ஓடினால் கண்ணைக் கட்டிவிடும். தனியார் ஆஸ்பத்திரி என்றால், அட்டை செல்லும் என்று பொதுவாகச் சொல்வதை நம்பாமல், இந்த ஆபரேஷனுக்கு, இந்த மருந்துக்குச் செல்லுமா என்று காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். புற்றுநோய் என்று உறுதியானால், வைத்தியத்துக்குப் போகிற ரயில் பயணத்துக்கு நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்து, நேர்த்திக்கடன்?

சாமி கும்பிடுவது மனதுக்குப் பலம், தாராளமாகச் செய்யுங்கள். கருப்பட்டி போட்ட உளுந்தங்களி சாப்பிட ஆசைப்பட்டால் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு கொடுங்கள். ஆனால் சதை டெஸ்டைத் தள்ளிப் போட்டுவிட்டு ஒரு மண்டலம் சூரணம் சாப்பிடுவோம் என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். எதைச் சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். சில பொடிகள் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, கீமோவையே தள்ளிப் போட வைத்துவிடும்.

எனக்குத் தூக்கம் வரவில்லை, வேலை ஓடவில்லை. இதை யாரிடம் சொல்வது?

14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மனஸ் என்கிற அரசு உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பெற்றவருக்கு நோய் என்றால் பிள்ளை கலங்குவது பலவீனம் இல்லை. வீட்டிலேயே ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லி அழுதுவிடுங்கள். ஆஸ்பத்திரி அலைச்சலில் மத்தியானச் சாப்பாட்டை விடாதீர்கள், கூட இருக்கிறவர் மயங்கி விழுந்தால் இரண்டு நோயாளி ஆகிவிடும்.

"மூன்று மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்கச் சொல்கிறார்களே?

சும்மா அனுப்பவில்லை. இப்போது ஊசி போட்டுப் பார்க்கிற அளவுக்குச் சந்தேகம் இல்லை, வளர்கிறதா என்று பார்த்தால் போதும் என்பதுதான் அதற்குப் பொருள். வளராமல் இருப்பதே ஒரு நல்ல ரிசல்ட். ஆனால் தேதியைத் தவறவிடக் கூடாது. அறுப்பு, கொடை, கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்து மூன்று மாதம் ஒன்பது மாதமாகிவிடும். தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அம்மாவின் போனிலும் உங்கள் போனிலும் அலாரம் வையுங்கள். முடிந்தால் அதே சென்டரில், அதே வகை ஸ்கேன் எடுங்கள், பழைய சிடி தட்டைக் கையோடு கொண்டுபோய், இதோடு ஒப்பிட்டு எழுதுங்கள் என்று கவுண்டரிலேயே சொல்லுங்கள். இடையில் எடை குறைந்தாலோ, விடாமல் காய்ச்சல் அடித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், மறுநாளே போய்க் காட்டிவிடுங்கள்.